கணக்கில் பிறந்த எழுத்து

எழுத்து எப்படித் தோன்றியது என்பது பற்றிச் சுமேரிய மக்களிடையே ஒரு கதை வழங்கிவந்தது. உருக் நகரை ஆண்ட என்மெர்கார் என்னும் மன்னன், மலைகளுக்கு அப்பால் இருந்த அரட்டா நாட்டு மன்னனுக்குத் தூதன் ஒருவன் மூலம் செய்திகளைச் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தான். ஒருமுறை செய்தி மிகவும் நீண்டுவிட்டது. தூதனால் அதை மனத்தில் நிறுத்தித் திருப்பிச் சொல்ல முடியவில்லை. உடனே மன்னன் ஒரு பிடி களிமண்ணை எடுத்துத் தட்டையாக்கி, தான் சொல்ல வந்ததை அதன்மேல் பதித்துக் கொடுத்தான். அதற்கு முன் மண்ணில் சொல்லைப் பதித்தவர் எவரும் இல்லை என்று அந்தக் கதை கூறுகிறது.

கதை அழகானதுதான். ஆனால், அதே உருக் நகரின் மண்ணைத் தோண்டியபோது கிடைத்த மிகப் பழைய எழுத்துகளில் மன்னனின் செய்தி இல்லை, கவிதை இல்லை, கடவுள் வாழ்த்தும் இல்லை. இத்தனை ஆடு, இத்தனை படி தானியம், இத்தனை சாடி மது என்ற கணக்குகளே இருந்தன. மனித இனத்தின் மாபெரும் கண்டுபிடிப்புகளுள் ஒன்றான எழுத்தை, அந்த மண்ணில் முதலில் கையாண்டவர்கள் கவிஞர்கள் அல்லர், களஞ்சியக் கணக்கர்கள்.

இன்றைய ஈராக்கின் தென்பகுதியில், டைகிரிஸ், யூப்ரடீஸ் ஆகிய இரண்டு ஆறுகளுக்கு இடைப்பட்ட சமவெளியில் சுமேரியர் வாழ்ந்தனர். அங்கு நல்ல மரம் கிடையாது. கட்டடத்திற்கேற்ற கல்லும் உலோகமும் அரிது. ஆற்று வண்டலாகிய களிமண்ணும் கரையோர நாணலும் மட்டும் குறைவின்றிக் கிடைத்தன. வீடு கட்ட மண், பானை செய்ய மண், கதிர் அறுக்கும் அரிவாள்கூடச் சுட்ட மண் என்று வாழ்ந்த மக்கள் எழுதுவதற்கும் மண்ணையே எடுத்துக்கொண்டதில் வியப்பில்லை. நாணற்குச்சி எழுதுகோலாயிற்று.

ஆயினும், எழுத்தின் கதை சுமேரியரிடம் தொடங்கவில்லை. அது மேலும் சில ஆயிரம் ஆண்டுகள் பின்னோக்கிச் செல்கிறது. மேற்கு ஆசியாவில் வேட்டையாடி உணவு தேடிய மக்கள், கி.மு. 8000ஐ ஒட்டிய காலத்தில் பல இடங்களில் பயிரிட்டும் ஆடு வளர்த்தும் நிலையாக வாழத் தொடங்கியிருந்தனர். வேட்டையில் கிடைத்ததை அன்றே பகிர்ந்து உண்டுவிடலாம், கணக்கு வேண்டியதில்லை. அறுவடையோ அப்படியன்று. அடுத்த அறுவடைவரை தானியம் வரவேண்டும். விதைக்கென்று ஒரு பங்கை ஒதுக்க வேண்டும். யார் எவ்வளவு கொடுத்தார், யாருக்கு எவ்வளவு தரவேண்டும் என்பதை யாராவது நினைவில் வைத்திருக்க வேண்டும்.

அக்காலக் குடியிருப்புகளை அகழ்ந்தபோது விரல் நுனி அளவே இருந்த சிறு மண் உருவங்கள் ஏராளமாகக் கிடைத்தன. சில கூம்பு வடிவில் இருந்தன. சில கோலிக்குண்டு போலவும், சில வட்டத் தட்டுப் போலவும், சில உருளை போலவும் இருந்தன. அவற்றைக் கண்டெடுத்தவர்களுக்கு அவை பெரிதாகத் தோன்றவில்லை. விளையாட்டுப் பொருள், தாயத்து, ஆட்டக் காய் என்று ஏதேனும் ஒரு பெயரை எழுதி அருங்காட்சியகப் பெட்டிகளில் போட்டு வைத்தனர்.

பிரான்சில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய டெனிஸ் ஷ்மான்ட் பெசராட் என்ற ஆய்வாளர், பண்டைய மக்கள் களிமண்ணை எவ்வெவற்றிற்குப் பயன்படுத்தினர் என்று 1960களின் இறுதியில் ஆராயத் தொடங்கினார். அவர் தேடியது பானையையும் செங்கல்லையும். ஆனால், சென்ற அருங்காட்சியகங்களில் எல்லாம் இந்தச் சிறு காய்கள் அவருடைய கண்ணில் பட்டன. ஈரான், ஈராக், சிரியா, துருக்கி என எங்குப் பார்த்தாலும் அதே கூம்பு, அதே உருண்டை, அதே தட்டு! ஏறத்தாழ 8000 காய்களை அவர் பதிவு செய்து ஒப்பிட்டார். இவ்வளவு பரந்த நிலப்பரப்பில், இத்தனை ஆயிரம் ஆண்டுகளாக, ஒரே வடிவங்களை மக்கள் செய்துவந்தது விளையாட்டுக்காக இருக்க முடியாது. அவை கணக்கு வைக்கும் காய்கள் என்பது அவருடைய முடிவு. கூம்பு சிறிய அளவுத் தானியத்தையும், உருண்டை பெரிய அளவுத் தானியத்தையும், முட்டை வடிவக் காய் ஒரு சாடி எண்ணெயையும் குறித்தன என்று அவர் விளக்கினார்.

இந்த முறையில் ஒரு நுட்பம் உண்டு. ஐந்து சாடி எண்ணெய்க்கு ஐந்து முட்டை வடிவக் காய்களை வைக்க வேண்டும். ‘ஐந்து’ என்ற எண்ணுக்குத் தனி அடையாளம் இல்லை. பொருளையும் எண்ணிக்கையையும் பிரித்துப் பார்க்காமலேயே ஒருவர் கணக்கு வைக்கலாம். எண்ணத் தெரியாதவரும் வைக்கலாம். பட்டியிலிருந்து வெளியே போகும் ஒவ்வோர் ஆட்டுக்கும் ஒரு காயைப் பைக்குள் போட்டால் போதும். மாலையில் ஆடு திரும்பும்போது ஒவ்வொரு காயாக எடுக்க வேண்டும். பையில் காய் மிஞ்சினால் ஓர் ஆட்டைக் காணவில்லை என்று பொருள்.

இது வெறும் ஊகமன்று என்பதற்கு ஈராக்கின் வடபகுதியிலுள்ள நூசி என்னும் ஊர் ஒரு சான்றைத் தருகிறது. 1920களின் பிற்பகுதியில் அங்கு அகழாய்வு செய்தவர்கள் முட்டை வடிவில் உள்ளீடற்ற மண் உருண்டை ஒன்றைக் கண்டெடுத்தனர். அதன் வெளிப்புறத்தில், ஈன்ற பெண் ஆடு, கடா, குட்டி, வெள்ளாடு என்று வகைவாரியாக ஆடுகளின் பட்டியல் எழுதப்பட்டிருந்தது. அதனுடன் சிகர்ரு என்ற இடையனின் முத்திரையும் இருந்தது. உருண்டையைத் திறந்தபோது உள்ளே சிறு கற்கள் இருந்தன. பட்டியலில் எத்தனை ஆடுகளோ, அத்தனை கற்கள். எழுதப் படிக்கத் தெரிந்த கணக்கருக்கு வெளியே எழுத்து. அது தெரியாத இடையனுக்கு உள்ளே கல். இருவரும் ஒருவரை ஒருவர் ஏமாற்ற இயலாதபடி ஒரே உருண்டை இருவருக்கும் சாட்சியாக நின்றது. நூசி உருண்டை ஏறத்தாழ 3400 ஆண்டுகளுக்கு முற்பட்டது. அப்போது எழுத்து தோன்றி வெகுகாலம் ஆகியிருந்தும், எழுத்தறியாதவருக்குக் கல்லே கணக்காக இருந்தது.

இத்தகைய உருண்டைகள் முதன்முதலில் செய்யப்பட்டது கி.மு. 3500ஐ ஒட்டிய காலத்தில்தான். காய்களைப் பையில் போட்டு வைத்தால் எவரும் ஒன்றிரண்டை எடுத்துவிடலாம், சேர்த்தும் விடலாம். எனவே, காய்களை ஈரக் களிமண் உருண்டைக்குள் இட்டு மூடினர். அதன்மேல் கொடுத்தவரும் வாங்கியவரும் தத்தம் உருளை முத்திரையை உருட்டிப் பதித்தனர். இனி உடைக்காமல் மாற்ற முடியாது. நல்ல ஏற்பாடுதான், ஆனால், அதிலும் ஓர் இடர் இருந்தது. உள்ளே எத்தனை காய்கள் உள்ளன என்று அறிய வேண்டுமானால் உருண்டையையே உடைக்க வேண்டும். உடைத்தால் சாட்சி போயிற்று.

இதற்கு யாரோ ஒருவர் எளிய வழி கண்டார். காய்களை உள்ளே போடுமுன், ஒவ்வொன்றையும் உருண்டையின் ஈர மேற்பரப்பில் ஒருமுறை அழுத்தினார். ஏழு காய்கள் உள்ளே இருந்தால் வெளியே ஏழு தடங்கள். இப்போது உடைக்காமலேயே கணக்கைப் பார்க்கலாம். இந்த வழக்கம் பரவிய பிறகு, அடுத்த கேள்வி எழாமல் இருந்திருக்காது: வெளியே உள்ள தடமே கணக்கைச் சொல்லும்போது உள்ளே காய் எதற்கு? காய் இல்லாவிட்டால் உருண்டை எதற்கு? ஒரு தட்டையான மண் பலகையே போதுமே! சூசா, உருக் முதலிய இடங்களில் காய் அடங்கிய உருண்டைகளும், எண் தடங்கள் மட்டும் பதித்த பலகைகளும் கிடைத்துள்ளன. ஒரு பொருளுக்குப் பதிலாகக் காய், காய்க்குப் பதிலாக அதன் தடம் என்று மனிதர் இரண்டு படிகள் ஏறிவிட்டனர்.

பெசராட்டின் விளக்கத்தை எல்லா ஆய்வாளர்களும் முழுமையாக ஏற்கவில்லை. எண்களைக் குறிக்கும் அடையாளங்கள் காய்களின் தடத்திலிருந்து வந்திருக்கலாம். ஆனால், ஆடு, எண்ணெய் போன்ற சொற்குறிகள் அனைத்தையும் காய்களோடு இணைப்பது கடினம் என்பது அவர்களுடைய வாதம். காய் மறைந்து எழுத்து வந்தது என்று நேர்க்கோடு போடவும் இயலாது. துருக்கியின் சியாரெட் தேப்பே என்னுமிடத்தில் கி.மு. முதலாம் ஆயிரமாண்டைச் சேர்ந்த காய்கள் நூற்றுக்கணக்கில் கிடைத்துள்ளன. எழுத்தும் காயும் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் பக்கத்தில் பக்கத்தில் வாழ்ந்திருக்கின்றன. நூசியின் இடையன் சிகர்ருவைப் போன்றோருக்கு அது வியப்பாக இருந்திருக்காது.

உருக் நகருக்கு வருவோம். கி.மு. 3300 வாக்கில் அது பல்லாயிரம் மக்கள் வாழ்ந்த பெருநகரம். அதன் நடுவில் ஆலய வளாகம் இருந்தது. வயல்களின் விளைச்சலும் மந்தைகளின் கம்பளியும் அங்கு வந்து குவிந்தன. அங்கு வேலை செய்தவர்களுக்குப் பார்லி படியளக்கப்பட்டது. முகம் தெரிந்த முந்நூறு பேர் வாழும் சிற்றூருக்கு நினைவும் காயும் போதும். முகம் தெரியாத ஆயிரக்கணக்கானோருக்குப் படியளக்கும் இடத்தில் அவை எப்படிப் போதும்? அவ்வளாகத்திலிருந்து ஏறத்தாழ 5000 பலகைகளும் உடைந்த துண்டுகளும் கிடைத்துள்ளன. அவற்றுள் பத்தில் எட்டுப் பங்குக்கும் மேற்பட்டவை கணக்குகள். எஞ்சியவை, எழுதக் கற்போர் பார்த்து எழுதிய சொற்பட்டியல்கள்.

அங்கு மண்ணால் அச்சிட்டது போன்று முரட்டுத்தனமாகச் செய்யப்பட்ட கிண்ணங்களும் பெருமளவில் கிடைத்தன. அவை கூலியாகத் தந்த உணவை அளக்கப் பயன்பட்டிருக்கலாம் என்று பலர் கருதுகின்றனர். பலகைகளில் ‘உணவு’ என்பதற்கான குறி, அந்தக் கிண்ணத்தின் வடிவிலேயே உள்ளது. மனிதத் தலையை வரைந்து, வாயருகே அக்கிண்ணத்தை வரைந்தால் அது ‘உண்ணுதல்’ ஆகும்.

கணக்கர்களின் எண்முறை இன்றைய மாணவர்களைத் திகைக்க வைக்கும். ஆட்டை எண்ணுவதற்கு ஒரு முறை, தானியத்தை அளப்பதற்கு வேறொரு முறை, நிலத்திற்கு மற்றொன்று. இப்படிப் பத்துக்கும் மேற்பட்ட முறைகள் வழக்கில் இருந்தன. ஒரே வட்டத் தடம் ஒரு பலகையில் ஒரு மதிப்பையும், இன்னொரு பலகையில் வேறு மதிப்பையும் குறித்தது. நெல்லை நாழியாலும் மரக்காலாலும், இரும்பைப் பலத்தாலும் அளந்த தமிழர்க்கு இது முற்றிலும் புதிதன்று. அறுபதை அடிப்படையாகக் கொண்ட ஒரு முறை மட்டும் காலத்தைக் கடந்து நிலைத்தது. ஒரு மணிக்கு 60 நிமிடம் என்று நாம் கணக்கிடுவது அதன் தொடர்ச்சியே ஆகும்.

இப்பலகைகளுள் ஒன்றில் 29,086 படி பார்லி, 37 மாதம் என்ற குறிப்போடு ‘குசிம்’ என்று படிக்கத்தக்க இரண்டு குறிகள் உள்ளன. அது ஒரு மனிதரின் பெயராக இருக்கலாம். ஒரு பதவியின் பெயராகவும் இருக்கலாம். மனிதர் பெயரே என்றால், பெயர் பதிவாகி நாம் அறியும் மிகப் பழைய மனிதர்களுள் அவரும் ஒருவர். அவர் அரசரும் அல்லர், வீரரும் அல்லர். மது வடிப்பதற்கான பார்லிக்குப் பொறுப்பேற்றவர்.

தொடக்கத்தில் குறிகள் படங்களாகவே இருந்தன. நீருக்கு அலைக்கோடு, பார்லிக்குக் கதிர், மாட்டுக்கு மாட்டுத் தலை. ஆனால், ஈர மண்ணில் வளைகோடு இழுத்தால் மண் பிசிறும். கோடு இழுப்பதைவிட நாணற்குச்சியின் முனையை அழுத்தி எடுப்பது எளிது. அழுத்தும்போது ஒரு பக்கம் அகன்றும் மறுபக்கம் கூர்ந்தும் ஆப்பு வடிவத் தடம் விழும். நாளடைவில் படங்கள் யாவும் இத்தகைய தடங்களின் தொகுப்பாக மாறின. அதனால்தான் அது ஆப்பெழுத்து எனப்படுகிறது.

படத்தை வைத்து ஆட்டையும் மீனையும் குறிக்கலாம். ‘உயிர்’ என்பதை எப்படி வரைவது? ஒருவருடைய பெயரை எப்படி எழுதுவது? இங்குதான் எழுத்தின் வரலாற்றில் மிகப் பெரிய பாய்ச்சல் நிகழ்ந்தது. தமிழில் ஒரு சான்று கொண்டு இதை விளங்கிக்கொள்ளலாம். ‘ஆறு’ என்னும் எண்ணைப் படமாக வரைய இயலாது. ஆனால், ஓடும் ஆற்றை வரையலாம். படத்தைப் பார்ப்பவர் ‘ஆறு’ என்று வாய்விட்டுச் சொன்னால், எண்ணும் அதே ஒலிதான். காலை வரைந்து ‘காற்பங்கு’ என்பதையும் இவ்வாறே உணர்த்தலாம். சுமேரியரும் இதையே செய்தனர். அவர்களுடைய மொழியில் ‘தி’ என்றால் அம்பு. ஏறத்தாழ அதே ஒலிக்கு உயிர், வாழ்வு என்றும் பொருள் உண்டு. எனவே, அம்பை வரைந்து ‘வாழ்வு’ என்று படித்தனர். படம் பொருளைக் காட்டுவதை விட்டு ஒலியைக் காட்டத் தொடங்கியது. ஒலியை எழுத முடிந்தால் மனிதர் பேசும் எதையும் எழுத முடியும்.

எழுத்து பரவியதும் எல்லாருக்கும் நன்மையே விளைந்தது என்று சொல்லிவிட முடியாது. ‘எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா?’ என்பது தமிழர் பழமொழி. எழுதிய கடனோ அழுதாலும் தீராது. கி.மு. 21ஆம் நூற்றாண்டில் ஊர் என்னும் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட பேரரசு, ஒவ்வொரு வேலைக்குழுவும் ஓராண்டில் செய்யவேண்டிய வேலையை நாள் கணக்கில் எழுதி வைத்தது. (அந்நகரின் பெயர் தமிழ்ச் சொல்லோடு ஒலியில் ஒத்திருப்பதைக் கொண்டு உறவு கொண்டாடச் சான்று ஏதும் இல்லை.) குறைந்த வேலை, குழுத்தலைவனின் பெயரில் பற்றாக எழுதப்பட்டு அடுத்த ஆண்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. அவன் இறந்தபின் அவனது சொத்தும் குடும்பத்தாரும் அந்தப் பற்றுக்கு ஈடாகப் பறிமுதல் செய்யப்பட்டதும் உண்டு. மறதி என்ற ஒன்று இல்லாத நினைவு, ஏழைக்குப் பெரும் சுமையாயிற்று.

ஆனால், அதே எழுத்து எளியவருக்கும் காப்பாக இருந்தது. ஒப்பந்தப் பலகையை மற்றொரு மண் உறைக்குள் இட்டு, உறையின்மேலும் அதே வாசகத்தை எழுதுவது வழக்கம். வெளியே உள்ளதை எவரேனும் திருத்திவிட்டதாக வழக்கு எழுந்தால், நடுவர் முன்னிலையில் உறையை உடைத்து உள்ளிருக்கும் பலகையைப் பார்க்கலாம். கடன் அடைந்ததும் பலகை உடைத்தெறியப்படும்.

எழுதக் கற்பது எளிதாக இருக்கவில்லை. நூற்றுக்கணக்கான குறிகளை மனனம் செய்ய வேண்டும். இதற்கென்றே ‘எதுப்பா’ என்ற பள்ளிகள் இருந்தன. பலகைகளின் வீடு என்பது அதன் பொருள். நிப்பூர் நகரில் ஒரு வீட்டிலிருந்து மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயிற்சிப் பலகைகள் கிடைத்துள்ளன. ஒரு பக்கம் ஆசிரியர் எழுதிய மாதிரி, அருகே மாணவரின் கோணல் கையெழுத்து; பிழைத்ததை வழித்துவிட்டு மீண்டும் எழுதிய தடம். பள்ளி வாழ்க்கை பற்றிய ஒரு பழங்கதையில், தாமதமாக வந்ததற்கு ஓர் அடி, பேசியதற்கு ஓர் அடி, கையெழுத்து நன்றாக இல்லாததற்கு ஓர் அடி என்று ஒரு மாணவன் நாள் முழுவதும் அடி வாங்குகிறான். கடைசியில் அவனுடைய தந்தை ஆசிரியரை வீட்டுக்கு அழைத்து விருந்து வைத்துப் பரிசும் கொடுக்கிறார். அதன்பின் ஆசிரியரின் வாயிலிருந்து பாராட்டு மழை பொழிகிறது!

கணக்குக்காகப் பிறந்த எழுத்து, மெல்ல மெல்லப் பிறவற்றையும் சுமக்கத் தொடங்கியது. கி.மு. 2600 வாக்கில் அறிவுரைகளும் துதிப்பாடல்களும் எழுதப்பட்டன. கி.மு. 2300 வாக்கில் அக்காத் பேரரசர் சர்கோனின் மகளும் ஊர் நகரின் தலைமைப் பூசாரியுமான என்கெதுவானாவின் பெயரில் பாடல்கள் வழங்கின. பெயர் தெரிந்த கவிஞர்களுள் உலகிலேயே முதல்வராக அவர் கருதப்படுகிறார். எழுத்து தோன்றியதற்கும் என்கெதுவானாவுக்கும் இடையே ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள்!

மக்களின் கோபதாபங்களையும் மண் சுமந்தது. கி.மு. 1750ஐ ஒட்டி நன்னி என்பவர் ஏயா நாசிர் என்னும் செம்பு வணிகருக்கு எழுதிய கடிதம் இலண்டனிலுள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தரமான செம்பைத் தருவதாகச் சொல்லி மட்டமானதைக் காட்டினீர். பகைவர் நாட்டைக் கடந்து வந்த என் ஆளை வெறுங்கையோடு திருப்பி அனுப்பினீர். இனி என் முற்றத்திலேயே தேர்ந்தெடுத்து வாங்குவேன் என்று அதில் பொரிந்து தள்ளியிருக்கிறார் நன்னி. இது போன்ற வேறு முறையீடுகளும் ஏயா நாசிருக்கு வந்திருக்கின்றன. அவற்றை அவர் தூக்கி எறியாமல் வைத்திருந்ததுதான் விந்தை.

எழுத்து எங்கும் கணக்கிலேயே பிறந்தது என்று கொள்ளக்கூடாது. எகிப்தின் அபிதோஸ் நகரில், கி.மு. 3200ஐ ஒட்டிய கல்லறை ஒன்றில், பொருள்களில் கட்டிய சிறு எலும்புச் சீட்டுகளில் குறிகள் காணப்படுகின்றன. சீனாவில் கி.மு. 1200 வாக்கிலான எழுத்துகள், மழை வருமா, போரில் வெற்றி கிட்டுமா என்று குறி கேட்ட எலும்புகளிலும் ஆமை ஓடுகளிலும் உள்ளன. மத்திய அமெரிக்காவில் நாள்காட்டியோடு எழுத்து நெருங்கிய தொடர்புடையது. ஒவ்வொரு சமூகமும் எதை மறக்க அஞ்சியதோ அதையே முதலில் எழுதியது போலும்.

ஆப்பெழுத்து மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேல் வழக்கில் இருந்தது. சில எழுத்துகளையே கொண்ட அரமேய நெடுங்கணக்கு பரவியதும் அது பின்தங்கியது, கி.பி. முதலாம் நூற்றாண்டுக்குப் பின் மறைந்தது. பதினேழு நூற்றாண்டுகளுக்கும் மேலாக அதைப் படிக்க எவரும் இல்லை. 19ஆம் நூற்றாண்டில், ஈரானின் பெகிஸ்தூன் மலைப்பாறையில் மூன்று மொழிகளில் பொறித்த கல்வெட்டைக் கொண்டு ஹென்றி ராலின்சன் முதலிய அறிஞர்கள் அதன் புதிரை அவிழ்த்தனர். தாளும் துணியும் எரிந்து சாம்பலாகும் தீயில், மண் பலகை சுட்ட செங்கல்லாக இறுகிவிடும். எதிரிகள் எரித்த நகரங்களிலிருந்தும் எழுத்துகள் பிழைத்து வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். இன்று உலக அருங்காட்சியகங்களில் சுமார் 500,000 பலகைகள் உள்ளன. அவற்றுள் பெரும்பகுதியை இன்னும் எவரும் முழுமையாகப் படித்து வெளியிடவில்லை. படித்தவற்றுள் பெரும்பாலானவை ஆட்டையும் பார்லியையும் கம்பளியையும் பற்றியவையே.